பூங்காப் பார்வை அறை

குட்டாய்சி நகரச் சதுக்கத்தில்
நீரூற்றுக்கு எதிரே, நீலப் பலகைக்குக் கீழே
உட்கார்ந்திருக்கிறேன்.
பெயரட்டையில் தியோனா.
கேளுங்கள்.

விசா வேண்டாத நாடுகளின் பட்டியல் இரண்டாம் அடுக்கில்.
மலைப்பாதை எந்த மாதம் திறக்கும்?
பனியைத்தான் கேட்க வேண்டும்,
ஆனாலும் அமைச்சகம் ஒரு தேதி அனுப்பியிருக்கிறது.
வரைபடம் இலவசம். ஒருவருக்கு ஒன்றுதான்.
அதன் வடமேற்கு மூலையில், கடலோரம்,
சிவப்புக் கோடு போட்ட இடத்துக்குப்
போக வேண்டாம் என்று
ஐந்து மொழிகளில் அச்சடித்திருக்கிறது.
நான் பிறந்தது அங்கேதான்.
அதைச் சொல்லச் சொல்லி
இதுவரை சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

போலந்திலிருந்து சைக்கிளில் வந்தவர்
முழங்கால் சேற்றோடு நின்று கேட்கிறார்:
நல்ல ஹோட்டல் எது?
ஊழியர் சொந்தக் கருத்துச் சொல்லக் கூடாது. விதி ஏழு.
கையேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளுகிறேன்.
நட்சத்திரங்களை அவரே எண்ணிக்கொள்ளட்டும்.

எனக்கா ஹோட்டல் தெரியாது?

நான்கு வயதில் போய் இறங்கினேன்,
ஸ்கால்டூபோவில், வெந்நீர் ஊற்றுகளின் ஊரில்,
தூண் வைத்த ஒரு சானடோரியத்தில்.
பேர் சிஸ்காரி. விடிவெள்ளி என்று அர்த்தம்.
மூட்டுவலிக்காரர்கள் மூன்று வாரம் தங்கக் கட்டியது.
நாங்கள் பதினேழு வருஷம் தங்கினோம்.
வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட் கேட்கவில்லை,
போர்வையை நீட்டியவர்
எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார்.
மூன்று என்றாள் அம்மா.
கொஞ்சம் யோசித்து, இரண்டு என்றாள்.

ஜன்னல் கண்ணாடியை உடைத்து
அடுப்புக் குழாயை வெளியே விட்டோம்.
நடனக் கூடத்தின் மரத்தரை
இரண்டாம் குளிர்காலத்தில்
பலகை பலகையாய் எரிந்து தீர்ந்தது.
பளிங்குத் தொட்டியில் லாமாரா கோழி வளர்த்தாள்,
சேவல் கூவினால் நான்கு மாடிக்கும் எதிரொலிக்கும்.
பால்கனிக்குப் பால்கனி துணிக்கொடி.
மழை வந்தால்
யார் வீட்டுத் துணி என்று பாராமல்
கைக்கெட்டியதை இழுப்போம்,
அப்புறம் ஒரு வாரம் காலுறைச் சண்டை.
லிஃப்ட் ஓடி நான் பார்த்ததில்லை.
அதன் கூண்டுக்குள் உட்கார்ந்துதான்
வாய்ப்பாடு படித்தேன்.

நேற்றுப் புதிய கையேடு வந்தது,
மை வாசனை போகாமல்.
பதினொன்றாம் பக்கம்: சிஸ்காரி, ஐந்து நட்சத்திரம்.
'நெடுந்தூக்கத்திலிருந்து கண்விழித்த மாளிகை.'
தூங்கிற்றாம்!
படத்தில் தூண்களுக்கு நடுவே ஒரு வெள்ளை நாற்காலி,
அதில் யாரும் இல்லை.
நான்காம் மாடி, பூங்காப் பார்வை,
ஓர் இரவுக்கு இருநூற்று நாற்பது லாரி.

அலுவலகக் கால்குலேட்டரை எடுத்தேன்.
லீப் வருஷ நாட்கள் போகட்டும், தள்ளுபடி.
ஆறாயிரத்து இருநூற்று ஐந்து இரவுகள்.
பெருக்கி வந்ததை
அம்மாவுக்கு போன் செய்து படித்தேன்:
பதினான்கு லட்சத்து
எண்பத்தொன்பதாயிரத்து இருநூறு.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
மூடினாள்.
'காலைச் சாப்பாடும் சேர்த்தா?' என்றாள்.

சைக்கிள்காரரின் விரல்
பதினொன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது.
இது எப்படி?

நாக்கு நுனியில் விதி ஏழு.
'கிழக்குப் பக்கம் கேளுங்கள்' என்கிறேன்,
'வெயில் சீக்கிரம் வரும், விறகு மிச்சம்.
சுவர் மட்டும் மெலிசு.
பக்கத்து அறையில் யாராவது அழுதால் கேட்கும்.'

ஏதோ வேடிக்கை என்று சிரிக்கிறார்.
காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு இருக்கிறதாம்.

போகும்போது வரைபடம் கேட்டார்.
இரண்டு கொடுத்தேன்.